எல்லைப்புறத்து இசையாசிரியர்கள்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருஞ்சாலையில் மார்த்தாண்டத்தையும் குழித்துறையையும் கடந்தால் களியக்காவிளை வரும். தமிழ்நாட்டின் எல்லை அத்துடன் முடிகிறது. அடுத்த ஊர் பாறசாலை. அதற்கும் வடக்கே, நெய்யாற்றின் கரைமீது, ஆற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்டு நெய்யாற்றின்கரை அமைந்துள்ளது. எல்லையைத் தாண்டியவுடன் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது. பேச்சு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. தமிழ் பேசுவோர் வாயில் மலையாளமும், மலையாளம் பேசுவோர் வாயில் தமிழும் புகுந்து புறப்படும் நிலப்பகுதி அது.

இந்த எல்லை மிகப் பழையதன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழர் விடுத்த கோரிக்கையில் நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்பகுதியும் சேர்ந்தே இருந்தது. ஆயினும் அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதற்கு முன் பல ஆண்டுகள் நடந்த கிளர்ச்சியும், 1954இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்ததும் வரலாற்றில் பதிந்தவை. அவற்றை விரித்துரைப்பது நம் நோக்கமன்று. அந்தக் கோட்டை ஒரு பொருட்டாகக் கருதாமல் இருபுறமும் நடந்து திரிந்த ஒன்றைப் பற்றியே இங்குக் கூற விழைகின்றோம். அது சங்கீதப் பாடம்.

அச்சாலையில் ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் ஊர்வலம் ஒன்றுண்டு. பத்மநாபபுரம் அரண்மனையில் எழுந்தருளியுள்ள சரசுவதி, நவராத்திரிக்கு முன்னர் யானைமீது திருவனந்தபுரம் புறப்படுவாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் செல்வர். அச்சரசுவதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது செவிவழிச் செய்தி. முதல் இரவு குழித்துறையில் தங்கல். இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரையில். 1956க்கு முன் ஒரே அரசுக்குள் நடந்த இப்பயணம், பின்னர் இரு மாநிலங்களுக்கு இடைப்பட்டதாயிற்று. களியக்காவிளையில் ஒரு மாநிலத்துக் காவலர் விடைகொடுக்க, மறு மாநிலத்துக் காவலர் வரவேற்கின்றனர். சென்றடையும் இடம் பத்மநாபசுவாமி கோயிலின் அருகேயுள்ள நவராத்திரி மண்டபம். அங்கே ஒன்பது இரவுகளிலும், சுவாதித் திருநாள் மகாராஜா இயற்றிய ஒன்பது கிருதிகள் நாளுக்கு ஒன்றாகப் பாடப்பெறும். முதல் நாள் சங்கராபரணம், இறுதி நாள் ஆரபி என்று இராகங்களும் வரையறுக்கப்பட்டவை. அவையில் கைதட்டும் வழக்கம் இல்லை.

கலைமகளின் பெயரால் நடைபெறும் அவ்வரங்கில் பெண்ணொருத்தி அமர்ந்து பாடும் வழக்கமும் இருந்ததில்லை. கலைமகள் செல்லும் அதே சாலையில் உள்ள பாறசாலையில் பிறந்த ஒரு பெண்மணி அவ்வழக்கத்தை மாற்றினார். அப்போது அவருக்கு வயது 81. அந்த இடைவெளிக்குள் அவர் செய்தது என்ன என்பதே நமக்கு முக்கியம். அவர் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

பாறசாலை பி. பொன்னம்மாள் 1924ஆம் ஆண்டு நவம்பர் மாதம், தமிழ் பேசும் அந்தணர் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பரமு பிள்ளை பாகவதர், வைத்தியநாதய்யர், இராமசாமி பாகவதர் ஆகியோரிடம் சங்கீதம் பயிலத் தொடங்கினார். இத்தகைய ஆசிரியர்களின் பெயர்களை இசை வரலாற்று நூல்களில் தேடினால் கிடைப்பது அரிது. கிடைத்தாலும், பின்னாளில் புகழ்பெற்ற ஒருவரது வாழ்க்கைக் குறிப்பின் முதல் வரியில், காற்புள்ளிகளுக்கு இடையே தோன்றி மறைவர். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று ஒரு குழந்தையின் குரலை முதன்முதலில் சுருதியில் நிறுத்தியவர்கள் அவர்களே. பெரிய வித்துவானிடம் கற்பதற்கு முன்பே குரலின் குணமும், தாளத்தின் உறுதியும் அமைந்துவிடுகின்றன. கோபுரத்தைக் காண்பவர் கடைகாலைக் காண்பதில்லை.

சங்கீதம் கற்பது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இங்கே சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். குருகுலவாசமே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. சிஷ்யன் குருவின் வீட்டிலேயே உண்டு, உறங்கி, நீர் சுமந்து, துணி துவைத்து, குரு பாடும்போது பின்னால் அமர்ந்து தம்பூரா மீட்டி, பல ஆண்டுகளில் வித்தையைப் பெறுவான். இம்முறையைப் போற்றிப் பலரும் பேசியுள்ளனர். நாமும் அதன் பெருமையை மறுக்கவில்லை. ஆயினும் அம்முறையின் வாசலில் எழுதப்படாத ஒரு பலகை தொங்கியது. குருவின் அடுக்களையில் உண்ணக்கூடியவனே குருவின் கூடத்தில் பாட முடியும். ஆகவே, பிறர் வீட்டில் ஆண்டுக்கணக்கில் தங்க இயலாத பெண் பிள்ளைகளும், சாதியின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்ட ஆண் பிள்ளைகளும் அவ்வாசலுக்குள் புக முடியவில்லை. தேவதாசி மரபில் பிறந்த பெண்களும், நாகசுரக் குடும்பத்தினரும் தத்தம் இல்லங்களிலேயே வித்தையை வளர்த்தனர் என்பது உண்மையே. மற்றவர்க்கு வழி குறைவு.

1939ஆம் ஆண்டு திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆட்சியில் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் சங்கீத அகாதெமி நிறுவப்பட்டது. 1962இல் அது சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி என்று பெயர் மாற்றம் பெற்றது. அங்கே மணி அடிக்கும். வருகைப் பதிவேடு உண்டு. பாடத்திட்டமும் தேர்வும் உண்டு. “மணியடித்தால் நிற்கும் சங்கீதம் என்ன சங்கீதம்?” என்று இசைக் கல்லூரிகளைக் குறைகூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டுக்கு ஒரு நற்குணம் உண்டு: அதில் பெயர் எழுதப்பட்டவர் எவராயினும் உள்ளே வந்தாக வேண்டும். அப்பதிவேட்டில் இடம்பெற்ற முதல் மாணவி பாறசாலைப் பொன்னம்மாள்.

அகாதெமியின் முதல்வராக அமர்ந்தவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்றவர். மைசூர் அரண்மனையிலும் திருவிதாங்கூர் அரண்மனையிலும் சிறப்புப் பெற்றவர். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் செம்மங்குடி சீனிவாசய்யர். சுவாதித் திருநாளின் உருப்படிகளுக்குச் சாகித்தியம் ஏடுகளில் இருந்ததாயினும், பலவற்றின் வர்ணமெட்டு வழக்கிழந்து போயிருந்தது. முத்தையா பாகவதர் தொடங்கிச் செம்மங்குடியார் தொடர்ந்த பெரும்பணி, அவற்றைத் திரட்டிச் செப்பஞ்செய்து, வேண்டுமிடத்து மெட்டமைத்து, பாடக்கூடிய வடிவில் தந்ததாகும். அவ்வடிவம் முதலில் இறங்கியது அகாதெமி வகுப்பறையில் அமர்ந்திருந்த மாணவர்களின் குரலில். பாறசாலைப் பெண்ணின் குரலும் அவற்றுள் ஒன்று.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூறாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. இசைவாணர்கள் ‘பாடாந்தரம்’ என்று ஒரு சொல்லை வழங்குவர். ஒரு கிருதியை ஒரு குரு பரம்பரை பாடும் தனி வழி என்பது அதன் பொருள். அரசாங்கத் தாள்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுவருவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, அச்சொல்லுக்கு ஈடான ஒற்றைச் சொல் பிற மொழிகளில் அகப்பட்டதில்லை. ‘பாடபேதம்’ என்றால் பிழை என்ற நிழல் விழுகிறது; ‘வழிமுறை’ என்றால் உயிர் போய்விடுகிறது. சுரப்படுத்திய புத்தகத்தில் ஒரு சுரம் எங்கே நிற்கிறது என்று எழுதலாம். அது எவ்வாறு அசைகிறது என்பதை எழுத இயலாது. கமகம் ஆசிரியரின் தொண்டையிலிருந்து மாணவரின் செவிக்குத்தான் செல்லும். ஆசிரியர் ஒருமுறை பாடுவார்; மாணவர் திருப்பிப் பாடுவார்; ஆசிரியர் தலையசைப்பார், அல்லது மீண்டும் பாடுவார். பத்துமுறை, இருபதுமுறை. பாடாந்தரம் என்பது இந்தப் பொறுமையின் பெயர் என்றே நாம் கருதுகின்றோம்.

பொன்னம்மாள் காயக, கானபூஷணத் தேர்வுகளில் முதலிடம் பெற்றுத் தேறினார். பதினெட்டாம் வயதில் திருவனந்தபுரம் காட்டன்ஹில் பெண்கள் பள்ளியில் சங்கீத ஆசிரியையாக அமர்ந்தார். பின்னர், தாம் பயின்ற அகாதெமியிலேயே ஆசிரியப் பொறுப்பேற்ற முதல் பெண்மணியானார். அதன்பின் திருப்பூணித்துறையில் உள்ள ராதா லட்சுமி விலாசம் இசை நுண்கலைக் கல்லூரியின் முதல்வராக உயர்ந்தார். அப்பதவியிலும் அவரே முதல் பெண்மணி. ‘முதல்’ என்னும் சொல் அவர் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பதற்கு இனிய சொல்தான். ஆயினும் முதலாவதாகச் செல்பவர் தனியாகச் செல்கிறார் என்பதையும் நினைத்தல் வேண்டும். ஆண்களே நிறைந்த வகுப்பில் ஒற்றை மாணவி. ஆண்களே நிறைந்த ஆசிரியர் அவையில் ஒற்றை ஆசிரியை.

அவர் ஆசிரியையாய் நின்ற காலமே எல்லைக் கிளர்ச்சியின் காலமும் ஆகும். வெளியே எந்த வட்டம் எந்த மாநிலத்துக்கு என்று வழக்கு நடந்தது. உள்ளே, தமிழ் பேசும் வீட்டில் பிறந்த ஆசிரியை, மலையாளம் பேசும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு, தெலுங்கிலும் வடமொழியிலும் அமைந்த கிருதிகளைப் பயிற்றினார். சங்கீதம் மொழிகளைக் கடந்தது என்று மேடையில் முழங்குவது எளிது. அதில் நமக்கு அவ்வளவு நம்பிக்கையும் இல்லை, ஏனெனில் தமிழில் பாடுவதா வேண்டாவா என்று அதே ஆண்டுகளில் தமிழகத்துச் சபைகள் பூசலிட்டன. வகுப்பறையில் நிகழ்ந்தது அதனினும் எளிய செயல். காலை முதல் மாலை வரை ஒருவர் பாட, மற்றவர் கேட்டுத் திருப்பிப் பாடினர்.

அவரிடம் பாடம் கேட்டோர் வரிசை நீண்டது. எம்.ஜி. ராதாகிருஷ்ணன் அவர்களுள் ஒருவர். அவர் பின்னாளில் திருவனந்தபுரம் வானொலியில் பணியாற்றி, மெல்லிசைப் பாடங்களை ஒலிபரப்பின் வழியே கற்பித்து, கேரளமெங்கும் வீட்டுக்கு வீடு அறிமுகமானார். திரைப்பட இசையமைப்பாளராகவும் விளங்கினார். அவருடைய சகோதரி டாக்டர் கே. ஓமனக்குட்டியும் பொன்னம்மாளிடம் கற்றவர்; தாமும் ஆசிரியையாகிப் பலரை உருவாக்கியவர்; 2025இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஓமனக்குட்டியிடம் முறையாகச் சங்கீதம் பயின்றவர்களுள் ஒருவர் கே.எஸ். சித்ரா. 1985ஆம் ஆண்டு வெளிவந்த ‘சிந்து பைரவி’ திரைப்படத்தில் பாடித் தேசிய விருது பெற்ற அக்குரலை, புது தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழ்ந்த தமிழர் இல்லங்களில் கேளாதார் எவர்? பாறசாலைக்கு ஒருநாளும் சென்றிராத செவிகளுக்கும் பாறசாலை வாத்தியாரம்மாளின் பாடத்தில் ஒரு துளி சென்று சேர்ந்தது.

இனி நெய்யாற்றின்கரைக்கு வருவோம். இவ்வட்டத்தின் வரலாற்றில் இரண்டு செய்திகளை அறிந்தாலன்றி நாம் கூறப்போவதன் கனம் விளங்காது. இவ்வட்டத்து அருவிப்புறத்தில்தான் ஸ்ரீ நாராயண குரு 1888இல் சிவலிங்கத்தைத் தம் கையால் நாட்டி, கோயில் எவருக்கு உரியது என்ற கேள்வியை எழுப்பினார். இப்பகுதியைச் சேர்ந்த ஊரூட்டம்பலத்தில்தான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அய்யன்காளி பஞ்சமி என்னும் புலையர் குலத்துச் சிறுமியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துச் சென்றார். அவள் பெஞ்சில் அமர்ந்ததற்காக அப்பள்ளிக்கூடமே தீக்கிரையாக்கப்பட்டது. 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது. கோயில் கதவு திறந்தது. ஆயினும் கோயிலைச் சார்ந்து வளர்ந்த கலைகளின் கதவுகள் பிரகடனத்தால் மட்டும் திறந்துவிடவில்லை.

அப்பிரகடனத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து, 1940ஆம் ஆண்டையொட்டி, நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூரில், சாதியால் ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த எளிய குடும்பத்தில் வாசுதேவன் பிறந்தார். கூடத்தில் அமர்ந்து கற்கும் குருகுல உரிமை பரம்பரையாக இல்லாத வீட்டுப் பிள்ளை. அவருக்கு வழிவிட்டதும் அதே வருகைப் பதிவேடுதான். திருவனந்தபுரத்து இசைக் கல்லூரியில் பயின்ற அவர், பொன்னம்மாளிடம் பாடம் கேட்டவர்களுள் ஒருவரானார். ஒரு வாசலில் முதலில் நுழைந்த பெண், அடுத்து நுழைந்த பிள்ளைக்கு அதே வாசலுக்குள் ஆசிரியையாக நின்றார். பாறசாலையையும் நெய்யாற்றின்கரையையும் இணைக்கும் சாலைகளுள் இதுவே நமக்குப் பெரிதாகப் படுகிறது.

கல்லூரி தரும் பட்டத்துடன் வாசுதேவன் நின்றுவிடவில்லை. இராமநாதபுரம் கிருஷ்ணனைத் தம் குருவாக வரித்தார். இந்தப் பெயர்களைச் சற்றுக் கவனித்தல் நலம். கிருஷ்ணன் பிறந்தது கேரளத்து ஆலப்புழையில். வளர்ந்த தமிழூரின் பெயரே அவரது பெயருக்கு முன் நின்றது. 1967இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குச் சங்கீதம் கற்பிக்கச் சென்றபோதும் இராமநாதபுரம் அவருடன் கடல் கடந்தது. வித்துவான்கள் ஊர்ப் பெயரைச் சுமப்பது நம் நாட்டு வழக்கம். பிறந்த ஊரை விட்டு எங்கோ வாழும் நம்மைப் போன்றோர்க்கு அதன் அருமை நன்கு விளங்கும். நாமோ பெயருக்கு முன் உள்ள ஊரைப் படிவங்களில் ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டோம்.

இராமநாதபுரம் கிருஷ்ணனின் பாணி ஆரவாரமற்றது. குரலை உயர்த்தி அவையை வெல்வதைக் காட்டிலும், இராகத்தின் நுட்பமான இடங்களில் நின்று ஆழ்ந்து பாடுவதே அவர் இயல்பு. வித்துவான்களே விரும்பிக் கேட்கும் வித்துவான் என்று அவரைச் சொல்வதுண்டு. 1973இல் அவர் மறைந்தபின் அவ்வழியின் சாயலை மலையாள நாட்டில் நிலைக்கச் செய்தவர் வாசுதேவன். திருப்பூணித்துறைக் கல்லூரியில் ஆசிரியராயிருந்து, 1974இல் திருவனந்தபுரம் வானொலி நிலையத்தில் கலைஞராகச் சேர்ந்தார்.

வானொலியைப் பற்றி இவ்விடத்தில் ஒரு சொல். திருவிதாங்கூர் அரசு 1943 மார்ச் மாதத்தில் தொடங்கிய திருவனந்தபுரம் நிலையத்தை 1950 ஏப்ரல் முதல் நாள் அகில இந்திய வானொலி ஏற்றது. சபைக்குச் செல்லச் சீட்டு வாங்க வேண்டும், நல்லாடை வேண்டும், சில இடங்களில் நல்ல குலப்பெயரும் வேண்டியிருந்தது. வானொலிப் பெட்டிக்கு முன் அமர இவை ஒன்றும் வேண்டா. பாடுபவருக்கும் அவ்வாறே: ஒலிபரப்பில் குரல் மட்டுமே தெரியும். நிலையத்தின் பதவியால் மாதந்தோறும் ஊதியம் பெற்ற ஒரு கலைஞர், எந்தச் சபைச் செயலரின் தயவையும் எதிர்நோக்காமல் தம் வித்தையைப் பேணலாம். அரசாங்க உத்தியோகம் கலைஞனைச் சோம்பேறியாக்கும் என்பார் உளர். வாசுதேவனுக்கு அது காலூன்றும் நிலத்தைத் தந்தது என்பதே நம் எண்ணம். 2004இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2008ஆம் ஆண்டு மே மாதம் மறைந்தார்.

அவரிடம் நெடுங்காலம் பயின்றவர்களுள் ஸ்ரீவத்சன் ஜே. மேனன் குறிப்பிடத்தக்கவர். தொழிலால் இவர் வேளாண் பல்கலைக்கழகத்துப் பொறியியல் பேராசிரியர். இவர் பாடும்போது நிதானமாக விரியும் ஆலாபனையில் இராமநாதபுரத்துச் சாயலைக் கேட்கலாம் என்பர் இரசிகர். ஆலப்புழையில் பிறந்து, இராமநாதபுரத்தில் உருவாகி, நெய்யாற்றின்கரையில் தங்கி, மீண்டும் கேரளத்தில் பரவிய ஒரு பாடாந்தரம் அது. எந்தச் சோதனைச் சாவடியிலும் அது நிறுத்தப்படவில்லை.

மீண்டும் பொன்னம்மாளிடம் வருவோம். 1980ஆம் ஆண்டையொட்டி அவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். வானொலியிலும் கோயில்களிலும் பாடினார். வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது. ஆனால் நவராத்திரி மண்டபத்தின் மேடை ஆடவர்க்கே உரியதாயிருந்தது. அவருடைய ஆசிரியர் செம்மங்குடியார் அம்மண்டபத்தில் ஆண்டாண்டாகப் பாடி வந்தார். அவர் கற்பித்த கல்லூரியிலிருந்து வெளிவந்த மாணவன் எவனும் அம்மேடையை நாடலாம். கற்பித்தவர் நாட முடியாது. அந்த ஒன்பது கிருதிகளையும் கசடறக் கற்று, மற்றவர்க்கும் கற்பித்த ஒருவர், அவற்றுக்கென்றே கட்டப்பட்ட இடத்தில் அவற்றைப் பாட இயலவில்லை.

2006ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த நவராத்திரியில் அவ்வழக்கம் முடிவுற்றது. அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் இசைக் கலைஞருமான அசுவதித் திருநாள் இராமவர்மாவின் முயற்சியால், பாறசாலை பொன்னம்மாள் மண்டபத்தில் அமர்ந்து பாடினார். நாடெங்கும் அது செய்தியாயிற்று. அதன்பின் சென்னை முதலிய ஊர்களிலிருந்தும் அழைப்புகள் வந்தன. எண்பதைக் கடந்த மூதாட்டியின் பாட்டைக் கேட்க இளையோர் திரண்டனர். 2017இல் பத்மஸ்ரீ விருது கிட்டியது. 2021ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், தம் 96ஆம் வயதில் அவர் காலமானார்.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் இவ்விடத்தில் மகிழ்ச்சியுடன் நிறுத்திவிடுகின்றனர். நமக்கு அம்மகிழ்ச்சி முழுமையாக இல்லை. 81 வயதில் அத்தகைய சுருதிசுத்தத்துடன் பாடியவர், முப்பதிலும் நாற்பதிலும் அம்மண்டபத்தில் எவ்வாறு பாடியிருப்பார் என்பதை எவரும் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் இயலாது. விருதுகளால் அந்த ஐம்பது ஆண்டுகளை மீட்டுத் தர முடியாது. அவ்வாண்டுகளில் அக்குரல் எங்கே சென்றதென்றால், மாணவர்களின் குரல்களுக்குள் சென்றது. அதனை ஈடு என்று சொல்வதா, வேறொரு வாழ்வு என்று சொல்வதா என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். அவரோ, வகுப்பறையைக் கீழான இடமாகக் கருதியவர் போல் நடந்து கொள்ளவில்லை. முதுமையிலும் பாடம் சொன்னார்; அமிருதா வெங்கடேஷ் போன்ற இளந்தலைமுறைப் பாடகர்கள் அவரிடம் கற்றனர்.

மண்டபக் கதவைத் திறப்பதற்கு முயன்ற இராமவர்மாவும் ஓர் ஆசிரியர் வரிசையில் நிற்பவரே. அவர் வீணை பயின்ற ஆசிரியர்களுள் ஒருவர் கே.எஸ். நாராயணசுவாமி. பாலக்காட்டுக் கொடுவாயூரில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்று, திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் வீணை ஆசிரியராகவும் முதல்வராகவும் விளங்கியவர் அவர். பொன்னம்மாள் கற்றதும் கற்பித்ததும் அதே கல்லூரிதான்.

ஓய்வுக்குப் பின் நாராயணசுவாமி சென்றது பம்பாய்க்கு. 1952இல் அங்கே தோன்றிய சண்முகானந்த சபையின் இசைப் பள்ளிக்கு அவர் முதல்வரானார். பம்பாயில் அலுவலகங்களிலும் வங்கிகளிலும் ஆலைகளிலும் வேலை பார்க்க வந்த நம்மவர், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சிறு சிறு அறைகளில் குடியிருந்துகொண்டு, வயிற்றைக் கட்டி வளர்த்த சபை அது. அவர்களது பிள்ளைகள் பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் படித்தனர். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தடுமாறிய பிள்ளைகள் பலர். மாலையில் மின்சார இரயிலில் வந்திறங்கி, செருப்பைப் படியருகே கழற்றி வைத்துவிட்டு, வீணையின் முன் அமர்ந்தனர். சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற அவ்வாசிரியர், அவர்களுக்கும் மாயாமாளவகௌளையில் சரளி வரிசையிலிருந்தே தொடங்கினார்.